3060 கிராபிக்ஸ் கார்டுன்னு சொல்லி தலையில கட்டிட்டாங்க, பிசி சாமான் வாங்கப் போறவங்க உஷார்

கேஎல்ல (கோலாலம்பூர்) சொந்தமா பிசி அசெம்பிள் பண்ணலாம்னு கெளம்புறவங்க இத படிச்சிட்டு போங்க. கடை பேரு போட மாட்டேன், இம்பி ஏரியா பக்கம்னு மட்டும் வச்சுக்கங்க.

சேல்ஸ்மேன் நம்ம ஆளுதான். "நீங்களே மாட்டப் போறீங்களா தம்பி, சூப்பர் லா"ன்னு தேன் ஒழுக பேசுனாரு. நான் வாட்சப்ல கேட்டதே ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி மெமரி கிராபிக்ஸ் கார்டு, அவரும் "இருக்கு தம்பி வாங்க"ன்னு பதில் போட்டாரு, ஆனா ரிசிட்டுல வெறும் "3060"னு அடிச்சு, எல்லா பாக்ஸையும் ஒரு பெரிய கார்ட்டன்ல அடுக்கி டேப் சுத்தி கையில குடுத்துட்டாரு.

மாட்டுறது ஒண்ணும் பெரிய வேல இல்லங்க, சிபியு மேல சூடு கடத்துற பேஸ்ட் வைக்கும்போது மட்டும் கை நடுங்குச்சு. விண்டோஸ் போட்டு, கார்டு விவரம் காட்டுற ஜிபியு-ஸெட் சாஃப்ட்வேர ஓட்டுனா மெமரி 8192 எம்பி (அதாவது 8 ஜிபி), பஸ், அதான் மெமரிக்குப் போற பாதையோட அகலம், 128 பிட்னு காட்டுது. 2021ல வந்த 3060 12 ஜிபி, 192 பிட். 2022 கடைசியில அதே பேருலயே 8 ஜிபி, 128 பிட்னு ஒண்ண எறக்குனாங்க, மெமரி வேகம் செகண்டுக்கு 360 ஜிபிலேர்ந்து 240க்கு வந்துரும். கார்டுக்குள்ள கணக்கு போடற கோர் எண்ணிக்கை மாறாததால "ரெண்டும் சேம்தான்"னு கடையில சமாளிப்பாங்க, கேம்ல ஃபிரேம் கொறையறது நமக்குத்தான தெரியும்.

சரி இதுவே இப்படின்னா மத்தது எப்படின்னு ஃபைல் எல்லாம் சேமிக்கற எஸ்எஸ்டியையும், டிஸ்க் செக் பண்ற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர்ல பாத்தேன். பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது இதுவரைக்கும் ஓடுன நேரம், 6,000 சொச்சம்! புதுசுன்னு காசு வாங்குன சாமான். போன் போட்டா "டெஸ்ட் பண்ணி பாத்தோம் லா தம்பி"ங்கறாரு. 6,000 மணி நேரம்னா எட்டு மாசம் ராப்பகலா டெஸ்ட் பண்ணீங்களா அண்ணேன்னு கேட்டேன், லைன் கட்.

நேர்ல போனா கவுண்டர்ல ஒட்டியிருக்கற "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" ஸ்டிக்கர காட்டுறாங்க. அத பாத்து பயந்துராதீங்க, 1999ஆம் வருஷ பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு குடுக்கற உரிமைய ஒரு ஸ்டிக்கர் ஒட்டி பிடுங்க முடியாது. பயனீட்டாளர் புகார விசாரிக்கற ட்ரிபியூனல் துந்துத்தான் பெங்குனால கேஸ் போட கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்) தான், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், லாயரும் தேவையில்ல, 3 வருஷத்துக்குள்ள போடணும் அவ்ளோதான். நான் வாட்சப் ஸ்க்ரீன்ஷாட், ரிசிட், அந்த ரெண்டு ஸ்க்ரீன் படம் எல்லாத்தையும் வச்சு போட்டுட்டேன்.

நீங்க வாங்கும்போது ரிசிட்டுல முழு மாடல் பேரு, ஜிபி, சீரியல் நம்பர் எல்லாம் எழுதச் சொல்லுங்க, மொகம் சுளிச்சா வேற கடைக்கு நடைய கட்டுங்க, அந்த ஏரியாவுல கடைக்கா பஞ்சம். பாக்ஸ கவுண்டர்லயே தெறந்து பாருங்க. மதர்போர்டு பாக்ஸ்ல பல தடவ சீல் இருக்காது, அது நார்மல். சிபியு பாக்ஸ்ல சீல் கிழிஞ்சிருந்தா தொடாதீங்க.

கேஸ் பேப்பர் போனதுலேர்ந்து "தம்பி, பேசி முடிச்சுக்கலாமே"ன்னு அண்ணன் மெசேஜ் மேல மெசேஜ் போடறாரு. முழுக் காசு வராம கேஸ வாபஸ் வாங்கறதா இல்ல.