மலைச்சாலையில் மின்சார கார்: இறங்கும்போதுதான் அருமை தெரிகிறது

மின்சார கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சமதளச் சாலையை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நொடியில் நூறு கிலோமீட்டர் வேகம், திரை எவ்வளவு பெரியது. நான் வேலைக்குப் போகும் வழி வேறு மாதிரி. வீடு மலைக்கு மேலே, அலுவலகம் அடிவாரத்தில். நடுவே கொண்டை ஊசி வளைவுகள், ஒதுங்க இடமில்லாத திருப்பங்கள், முன்னால் லாரி, பின்னால் அவசரக்காரர்கள். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவோம், மாலையில் ஒரே நேரத்தில் ஏறுவோம். பல வருடம் கியரும் கிளட்சுமாக ஓட்டிய இதே சாலையில், ஒரு வருடத்துக்கும் மேலாக மின்சார காரில் போய் வருகிறேன். நடுத்தர அளவு வண்டி. ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ வரும். மாடல் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் எழுதுவதில் பெரும்பகுதி எந்த மின்சார காருக்கும் பொருந்தும்.

முதலில் இறக்கம். பெட்ரோல், டீசல் வண்டியில் மலை இறங்கத் தெரிந்தவர்கள் ஏறிய கியரிலேயே இறங்குவார்கள். இன்ஜின் இரைந்துகொண்டே வண்டியைப் பிடித்து வைக்கும், போதாததற்கு பிரேக். அப்படிச் செய்யாமல் பிரேக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 7 சதவீதச் சரிவில் 50 கிலோமீட்டர் வேகத்தில் 1,800 கிலோ வண்டி இறங்கினால், காற்றும் டயரும் தடுத்தது போக, வேகம் கூடாமல் நிறுத்தி வைக்கவே சுமார் 13 கிலோவாட் சக்தியைத் தொடர்ந்து எங்காவது இறக்கியாக வேண்டும். அதாவது ஒரு பெரிய அறை ஹீட்டரைப் போல ஆறேழு மடங்கு சூடு, இடைவெளி இல்லாமல் பிரேக் டிஸ்க்குகளில் ஏறுகிறது. அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரப்பதம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிதான். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் பஞ்சு போல அமுங்கும், வண்டி நிற்காது.

மின்சார காரில் அந்தச் சுமையை மோட்டார் வாங்கிக்கொள்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தைப் பிடித்து இழுத்து, மின்சாரத்தை பேட்டரிக்கு அனுப்புகிறது. 13 கிலோவாட் அதற்குச் சாதாரண வேலை. பிஎம்டபிள்யூ ஐ3 2013-இலேயே இந்த ஒற்றை மிதி ஓட்டத்தைக் கொண்டுவந்தது. நிசான் லீஃப் 2017-இல் ‘இ-பெடல்’ என்று பெயரிட்டு, காலை எடுத்தால் வண்டி முழுவதும் நிற்கும்படி தந்தது. இப்போது பல வண்டிகளில் இது இருக்கிறது.

எண்களை விடுங்கள். ஓட்டுகிறவருக்கு இது தருவது நிதானம். வளைவுக்கு முன்னால் கால் கொஞ்சம் மேலே, வளைவு முடிந்ததும் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். கியர் மாற்றும் யோசனை இல்லை, இன்ஜின் இரைச்சல் இல்லை. கவனம் முழுவதும் சாலையிலும் எதிரே வருகிறவர்களிடமும் இருக்கிறது. முன்பெல்லாம் அலுவலகம் சேரும்போது வலது முழங்கால் கடுக்கும், இப்போது கடுப்பதில்லை. நான் இந்தக் காரைப் பரிந்துரைக்க இது ஒன்றே போதுமான காரணம்.

ஆனால் மலைக்கு மேலே குடியிருப்பவர்கள் வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விற்பனையாளர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை. பேட்டரி நூறு சதவீதம் நிரம்பியிருந்தால், இறக்கத்தில் உண்டாகும் மின்சாரத்தைப் போட்டு வைக்க இடமில்லை. அப்போது ரீஜென் பிரேக்கிங், அதாவது மோட்டாரே வண்டியைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் இந்த வேலை, குறைந்துவிடும், சில வண்டிகளில் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். இரவெல்லாம் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு, தேவையான நேரத்தில்தான் அது கைவிடும். வழி எளிது: சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்தி வையுங்கள். பேட்டரியின் ஆயுளுக்கும் அது நல்லது. குளிரும் இதே வேலையைச் செய்யும். லித்தியம் பேட்டரி சில்லிட்டிருக்கும்போது வேகமாக சார்ஜ் ஏற்றக்கூடாது என்பதால், வண்டியே ரீஜெனைக் கட்டுப்படுத்திவிடும். கடுங்குளிர் காலையில் முதல் சில வளைவுகளில் கால் பிரேக் பெடலின் மேலேயே தயாராக இருக்கட்டும். கிளம்பும் முன் பேட்டரியைச் சூடாக்கும் வசதி உள்ள வண்டி என்றால் மலைவாசிகளுக்கு அது ஆடம்பரம் அல்ல.

நெரிசலில் இன்னொரு கேள்வி வரும். நாம் பிரேக்கைத் தொடவே இல்லை, பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு நாம் வேகம் குறைப்பது தெரியுமா? பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதியின்படி, ரீஜெனால் வேகம் குறைவது ஒவ்வொரு நொடியிலும் வினாடிக்கு 1.3 மீட்டருக்கு மேல் போனால் பின்னால் உள்ள பிரேக் விளக்கு எரிந்தே ஆக வேண்டும்; 0.7-ஐத் தாண்டாவிட்டால் எரியக்கூடாது. இடைப்பட்டதில் நிறுவனத்தின் விருப்பம். மெல்லக் காலைத் தளர்த்தி வேகம் குறைக்கிறவர் பிரேக் விளக்கே எரியாமல் மெதுவாகலாம் என்பதுதான் இதன் பொருள். பின்னால் இருப்பவர் நெருக்கினால் நான் பிரேக் பெடலை இலேசாகத் தொட்டு விளக்கைக் காட்டுகிறேன். ஒதுங்க அகலமான இடம் வந்தால் வழிவிட்டு விடுகிறேன். நமக்கு அரை நிமிடம் போகும், அவருடைய அவசரம் நம்மை விட்டுப் போய்விடும்.

உடன் வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னோடு தினமும் வரும் சக ஊழியர் ஒருவருக்கு வளைவுகளில் தலை சுற்றும். மின்சார காரில் இது சிலருக்குக் கூடவே செய்கிறது. இன்ஜின் சத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்து உடம்பு அடுத்த அசைவுக்குத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும். இங்கே அந்தச் சத்தம் இல்லை. அதோடு, காலைச் சட்டென்று எடுத்தால் வண்டி வெடுக்கென்று இழுத்துப் பிடிக்கும். ரீஜெனை நடு அளவில் வைத்து, காலை மெதுவாகத் தளர்த்தினால் பெரிய வித்தியாசம் தெரிகிறது. அவர் இப்போது முன் இருக்கையில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டு வருகிறார், கைப்பேசியைத் தொடுவதில்லை. பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் வண்டியின் சாய்வு குறைவு. அதுவும் அவருக்கு உதவியிருக்கிறது.

மாலை ஏற்றம் சுகம். லாரிக்குப் பின்னால் நடை வேகத்தில் போகும்போது கிளட்ச் கருகும் வாடை இல்லை, சரிவில் நின்று கிளம்பும்போது வண்டி பின்னால் உருளுவதும் இல்லை. முந்திச் செல்ல வழி தெரிகிற இடத்தில் மிதித்தவுடன் இழுவை கிடைக்கிறது. எதிர்த்தடத்தில் இருக்கும் நேரம் குறைகிறது. செலவுக் கணக்கும் எளிது: 1,800 கிலோ வண்டியை 100 மீட்டர் உயரம் தூக்க அடிப்படையாகவே அரை யூனிட் மின்சாரம் வேண்டும். சமதளத்தில் ஓட ஆகும் செலவு இதற்கு மேல். இறங்கும்போது ஒரு பங்கு திரும்பி வரும், ஆனால் முழுவதும் ஒருபோதும் வராது. இதனால் திரையில் தெரியும் ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர்’ என்ற எண்ணை மலையில் நம்ப முடியாது. இறங்கி முடித்ததும் தாராளமாகக் காட்டும், ஏறத் தொடங்கியதும் மளமளவென்று குறையும். நான் சதவீதத்தை மட்டும் பார்க்கிறேன்.

மழையில் அதிகபட்ச ரீஜெனை வைக்காதீர்கள். மோட்டார் ஒன்றே உள்ள வண்டியில் அந்த இழுப்பு இரண்டு சக்கரங்களில் மட்டும் விழும். வழுக்கும் வளைவின் நடுவில் காலைச் சட்டென்று எடுத்தால் அந்தச் சக்கரங்கள் பிடி தளரும். வண்டியில் உள்ள வழுக்கல் தடுப்புக் கருவிகள் சமாளிக்கப் பார்க்கும். அவற்றுக்கு வேலை வைக்காமல் இருப்பது மேல்.

தானாகவே ரீஜெனைக் கூட்டிக் குறைக்கும் ரேடார் வசதி எனக்குப் பிடிக்கவில்லை. நேர்ச் சாலையில் அருமை. வளைவில் முன் வண்டி ரேடாரின் பார்வையிலிருந்து விலகியதும் பிடியைத் தளர்த்திவிடுகிறது, சரியாக நமக்குப் பிடி வேண்டிய இடத்தில். வைத்த வேகத்தில் வண்டியைத் தானே ஓட்டும் க்ரூஸ் கன்ட்ரோலும் அப்படித்தான். இரண்டையும் மலையில் அணைத்து வைக்கிறேன்.

பராமரிப்பில், பிரேக் பேட் தேயவே மாட்டேன் என்கிறது. ஆனால் பயன்படாத டிஸ்க்கில் துரு படியும். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3, ஐடி.4 வண்டிகளில் பின்னால் மூடிய அமைப்புள்ள டிரம் பிரேக் வைத்திருப்பதில் இந்தக் காரணமும் உண்டு. ஆளில்லாத நேர்ப்பகுதியில் அவ்வப்போது பிரேக்கை நன்றாக மிதித்துத் துருவைத் துடைத்துவிடுங்கள். பேட் தேயவில்லை என்பதற்காக பிரேக் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அது ஈரத்தை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். டயர் மட்டும் பழைய காரைவிட வேகமாகத் தேய்கிறது, எடையும் வளைவும் சேர்ந்து விளிம்புகளைத் தின்கின்றன.

வாங்க நினைப்பவர்கள் ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். உங்கள் மலையில், உங்கள் அலுவலக நேரத்தில், பேட்டரி நிரம்பிய வண்டியை ஒரு முறையும் பாதி சார்ஜில் ஒரு முறையும் இறக்கிப் பாருங்கள். ரீஜென் அளவை ஸ்டியரிங்கிலிருந்து கையெடுக்காமல் மாற்ற முடிகிறதா, போன முறை வைத்த அளவு வண்டியை அணைத்துப் போட்ட பிறகும் அப்படியே இருக்கிறதா, சார்ஜ் வரம்பை நாமே வைக்க முடிகிறதா என்று கேளுங்கள். மூன்றில் கடைசிக்கு ‘முடியாது’ என்று பதில் வந்தால், மேலே வீடு உள்ளவர்கள் வேறு வண்டியைப் பார்க்கலாம்.