பள்ளி பக்கத்தில் மூவறையா, தள்ளி நான்கறையா?

சிங்கப்பூரில் தொடக்கநிலை 1 (முதலாம் வகுப்பு) பதிவை நினைத்து வீவக (அரசு அடுக்குமாடி) வீடு தேடுவோருக்கு. மூவறை என்றால் கூடமும் இரண்டு படுக்கையறையும், நான்கறை என்றால் கூடமும் மூன்று படுக்கையறையும்.

முன்னுரிமை: பள்ளியிலிருந்து 1 கி.மீ.க்குள் இருந்தால் முதல் வரிசை, அடுத்து 1 முதல் 2 கி.மீ. ஆனால் குடிமக்களுக்குப் பிறகே நிரந்தரவாசிகள். பிரபலப் பள்ளி என்றால் 1 கி.மீ.க்குள்ளும் குலுக்கல் வரும். முகவர் சொல்லும் தூரத்தை நம்பாதீர்கள். அரசின் வரைபடத் தளமான ஒன்மேப்பில் உங்கள் புளோக் (கட்டட) எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

காலம்: தூரத்தைக் காட்டி இடம் வாங்கினால், பதிவு தொடங்கும் நாளிலிருந்து 30 மாதம் அதே முகவரியில் குடியிருக்க வேண்டும். ஜூலையில் பதிவு என்றால், பிள்ளை தொடக்கநிலை 2 முடிக்கும்வரை. ஓராண்டு வாடகை ஒப்பந்தம் இங்கேதான் காலை வாரும். தள்ளி இருப்போருக்கு இந்தக் கட்டு இல்லை.

இடம்: பழைய மூவறை சுமார் 65 சதுர மீட்டர், நான்கறை 90. வீவக வீடுகள் 99 ஆண்டுக் குத்தகை என்பதால், பழைய வீட்டில் மீதம் எத்தனை ஆண்டு என்றும் பாருங்கள். வாங்குவோரில் இளையவரின் 95 வயதுவரை அது நீடிக்காவிட்டால், மத்திய சேமநிதிப் (சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) பணத்தை அந்த வீட்டுக்கு முழுசாகப் பயன்படுத்த முடியாது.

உயர்நிலைப்பள்ளி: தூரத்துக்கு மதிப்பில்லை, மதிப்பெண்தான்.

ஒரே பள்ளிதான் வேண்டும் என்ற குடிமக்களுக்கு மூவறை. நிரந்தரவாசிகளும், மூன்று பிள்ளைக்காரர்களும் நான்கறையை எடுக்கலாம். அக்கம்பக்கப் பள்ளியில் தமிழ் வகுப்பு உண்டா என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.