மெடிஹனி காய ஜெல்: வாங்கலாமா?

ஆக்லாந்தில் எந்த பார்மசிக்குப் போனாலும், நியூசிலாந்தில் வளரும் மானுகா என்ற செடியின் பூவிலிருந்து வரும் மானுகா தேன் பாட்டில்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். புண்ணுக்குப் போடுகிற தேன் அது இல்லை. புண்ணுக்கானது பஞ்சு, பேண்டேஜ் பக்கத்தில் டியூபில் இருக்கும். அம்மாவின் முன்கையில் கொதிக்கிற ரசம் கொட்டி, 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டி, டாக்டரையும் பார்த்த பிறகு, கட்டு மாற்றிய நர்ஸ் போட்டுவிட்டது மானுகா தேனில் செய்த இந்த மெடிஹனி ஜெல்தான். எனக்கு முழுத் திருப்தி.

முக்கியமாக, கட்டுப் பிரிக்கிற நேரம். வெறும் காஸ் துணி என்றால் புண்ணோடு காய்ந்து ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது புதுத் தோலையும் பிய்த்துக்கொண்டு வரும். இது ஈரம் காயாமல் வழுக்கிக்கொண்டு வந்தது, ஓரத்தில் மஞ்சளாகப் படிந்திருந்த செத்த தோல்கூட உப்புத் தண்ணீரில் கழுவும்போது தேய்க்காமலே கழன்றது, நாற்றம் துளியும் இல்லை. தேன் புளிப்புத் தன்மை உள்ளது என்பதால் எந்தத் தேன் போட்டாலும் முதலில் கொஞ்சம் எரியலாம், அதற்குத் தயாராக இருங்கள்.

தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. கிருமியின் உடம்பில் இருக்கிற தண்ணீரையே அது உறிஞ்சிவிடும். தேனீ சேர்க்கிற ஒரு நொதி, காயத்தின் ஈரத்தில் தேன் நீர்க்க நீர்க்க ஹைட்ரஜன் பெராக்சைடையும் சிறுகச் சிறுக உண்டாக்குகிறது. ஆனால் நம் ரத்தத்தில் உள்ள காட்டலேஸ் என்ற நொதி அந்த பெராக்சைடைச் சிதைத்துவிடும், சாதாரணத் தேனின் பலம் பாதி அங்கேயே போய்விடுகிறது. மானுகாவில் பெராக்சைடு போன பிறகும் கிருமியைத் தடுக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது என்று நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர் பீட்டர் மோலன் 1980களிலேயே சொல்லிவந்தார், அது மீத்தைல்கிளையாக்சால் என்ற வேதிப்பொருள் என்பது 2008 வாக்கில்தான் தெளிவானது.

சரி, எல்லாப் புண்ணுக்கும் கேட்குமா என்றால், கேட்காது. ஆழம் குறைந்த தீக்காயத்துக்கு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது: 1991இல் சோலாப்பூரிலிருந்து 104 நோயாளிகளை வைத்து வந்த ஆய்வில் தீக்காயத்துக்கு வழக்கமாகப் போடுகிற சில்வர் சல்ஃபாடயசீன் க்ரீமைவிடத் தேன் முந்தியது, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசுகிற காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பும் இப்படிப்பட்ட காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேனில் சீக்கிரம் ஆறுவதாகச் சொல்கிறது. ஆனால் நரம்புச் சுருட்டல்காரர்களுக்குக் காலில் வருகிற ஆறாத புண் வேறு கதை. இதே நியூசிலாந்தில் 368 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், அழுத்தக் கட்டோடு மானுகா கட்டும் போட்டவர்களுக்கு 12 வாரத்தில் குறிப்பிடும்படியான கூடுதல் பலன் இல்லை, வலிதான் கூடியது. காலில் இப்படி ஆறாத புண்ணோடு இருக்கிற பெரியவர்களுக்கு இதை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் புண் என்றால் தேன், மஞ்சள் எதையும் தொடாமல் நேராக டாக்டரிடம் போங்கள், தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டிவரும்.

அப்புறம், "வீட்டிலேயே சுத்தமான மலைத்தேன் இருக்கிறதே" என்பவர்களுக்கு. எவ்வளவு சுத்தமான தேனிலும் கிளாஸ்ட்ரிடியம் போன்ற கிருமிகளின் விதைகள் உறங்கிக்கொண்டு இருக்கலாம். காய்ச்சினால் அவை சாகாது, நல்ல நொதிதான் சாகும். மருந்துத் தேனைக் காமாக் கதிரில் காட்டிக் கிருமி நீக்குகிறார்கள், நொதியும் பெரும்பாலும் தப்பிவிடும். விலை கூடுதல் என்றாலும் அதற்குத்தான் கொடுக்கிறோம். சாப்பிடுகிற மானுகா எத்தனை டாலர் ஆனாலும் திறந்த புண்ணில் தடவ வேண்டாம்.

வாங்கும்போது டியூபைப் பார்த்து வாங்குங்கள். முழுக்கத் தேனாகவே இருப்பது உடம்புச் சூட்டில் இளகி ஓடும், குழிந்த காயத்துக்குத்தான் சரி. கை, கால் மேல்பரப்புக்கு மெழுகு கலந்த ஜெல்தான் நின்று பிடிக்கும். மேலே உறிஞ்சுகிற பஞ்சுக்கட்டு ஒன்று அவசியம், முதல் சில நாள் கசிவு அதிகமாக இருக்கும். ஒருவருக்குத் திறந்த டியூபை இன்னொருவருக்குப் போடாதீர்கள், தேனீ கொட்டினாலோ தேன் சாப்பிட்டாலோ ஒவ்வாமை வருகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.