சுங்கை பூலோ ஈரநிலம்: நாட்காட்டியில் அமாவாசை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்

சுங்கை பூலோவுக்குப் போய்விட்டு, "வெறும் சேறு, ஒரு குருவிகூட இல்லை" என்று சலித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. அதே நாளில் ஐந்து மணி நேரம் கழித்துப் போனவர், குளம் நிறையப் பறவை பார்த்ததாகச் சொல்வார். அதுவும் பொய்யில்லை. இடையில் மாறியது கடல் மட்டும்தான். இந்த இடத்தைப் பற்றி வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில், ஜொகூர் நீரிணையை ஒட்டி இருக்கிறது இந்த ஈரநிலம். மலாய் மொழியில் சுங்கை என்றால் ஆறு, பூலோ என்றால் மூங்கில். முன்பு இங்கே இறால் வளர்ப்புக் குளங்கள் இருந்தன. கைவிடப்பட்ட அந்தக் குளங்களில் வலசைப் பறவைகள் கூட்டமாக இறங்குவதை 1986-ல் பறவை ஆர்வலர்கள் கவனித்து, இடத்தைக் காப்பாற்றும்படி அரசிடம் வாதாடினார்கள். 1989-ல் இயற்கைப் பூங்கா என்ற தகுதி கிடைத்தது. 1993 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 2002-ல் சட்டப் பாதுகாப்பு வந்தது. 2003-ல் ஆசியான் மரபுடைமைப் பூங்கா ஆனது. அனுமதி இலவசம், காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும்.

வரலாற்றில் நமக்கு முக்கியம் அந்த இறால் குளங்கள்தான். கடல் வற்றும்போது, பக்கத்திலுள்ள மண்டாய் கரையில் பரந்த சேற்றுத்திட்டு வெளியே தெரியும். கரைப்பறவைகள் அங்கேதான் புழுவும் நண்டும் தேடி மேயும். ஏற்றம் வந்து அந்தச் சேறு மூழ்கிவிட்டால் கால் ஊன்ற இடமில்லை. இவை வாத்துபோல மிதந்துகொண்டு இளைப்பாறும் பறவைகள் அல்ல. அப்போது பறந்து வந்து இறங்கும் இடம்தான் இந்தக் குளங்கள். குளங்களுக்கு மதகு வைத்து நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். வெளியே கடல் பொங்கி நிற்கும்போதும் உள்ளே கணுக்கால் அளவு நீரும் சேற்று மேடும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே பறவை பார்ப்பதற்கு ஏற்றம். முதலைக்கும் நண்டுக்கும் சேற்றில் துள்ளும் மீனுக்கும் வற்றம். இரண்டும் வேண்டுமென்றால் ஏற்றம் உச்சிக்கு வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்து, நீர் இறங்கத் தொடங்கிய பிறகும் இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். அரை நாள் வேலை.

ஏற்ற அட்டவணை பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இணையத்தில் "சிங்கப்பூர்" என்று தேடினால் பெரும்பாலும் தெற்குக் கரையின் தஞ்சோங் பகார் நேரம்தான் கிடைக்கும். வடக்கே நீரிணைக்குள் நேரமும் உயரமும் மாறும். செம்பவாங் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாள்களில் ஏற்றம் 3 மீட்டரைத் தொடும். வெளியே உள்ள சேறு முழுக்க மூழ்கும் என்பதால் அந்த நாள்களில் குளம் பறவைகளால் நிரம்பி வழியும். அட்டமி, நவமி வாக்கில் கடல் சோம்பிக் கிடக்கும். வெளியே கொஞ்சம் சேறு எஞ்சியிருப்பதால் பறவைகள் பாதி அங்கேயே தங்கிவிடும். எனவே வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே முதல் வழிகாட்டி. கைப்பேசிச் செயலி அதற்குப் பிறகுதான்.

பருவம் செப்டம்பர் முதல் மார்ச் வரை. மே, ஜூன் மாதங்களில் கரைப்பறவைகளைத் தேடிப் போவது வீண். சைபீரியாவிலும் திபெத் மேட்டுநிலத்திலும் அவை குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். இங்கிருந்து கருவி பொருத்தி அனுப்பப்பட்ட பவளக்காலிகள் இமயமலையைத் தாண்டிப் பறந்தது பதிவாகியிருக்கிறது. கைக்குள் அடங்கும் பறவை அது. காலில் பச்சையும் வெள்ளையுமாகப் பட்டை தெரிந்தால் அது சிங்கப்பூரில் வளையமிடப்பட்டது. பட்டையில் எழுத்தும் எண்ணும் படிக்க முடிந்தால் குறித்துக்கொண்டு வருகையாளர் நிலையத்தில் சொல்லுங்கள். சும்மா வேடிக்கை பார்ப்பதைவிட அது பயனுள்ள காரியம்.

தூரத்தில் எல்லாமே சாம்பல் நிறக் குருவியாகத்தான் தெரியும். பிரித்தறிய அலகையும் காலையும் பாருங்கள். பவளக்காலிக்குப் பெயரிலேயே விடை இருக்கிறது. எழுந்து பறக்கும்போது சிறகின் பின்விளிம்பு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். பச்சைக்காலி அதைவிடப் பெரியது, அலகு லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். அதே சாயலில், அலகு மட்டும் தைக்கிற ஊசிபோல நேராக இருந்தால் சதுப்பு உள்ளான். அலகு கீழ்நோக்கி அரிவாள்போல வளைந்து, தலையில் கோடு ஓடினால் கோட்டான் இனத்தில் சிறியது (ஆந்தையல்ல, அதே பெயருள்ள கரைப்பறவை). அது பெரும்பாலும் கூட்டத்துக்கு நடுவே மற்றவற்றைவிட உயரமாக நின்று தூங்கும். முதுகில் பொன்துகள் தூவியதுபோல இருப்பது பொன்னிற உப்புக்கொத்தி. 8x42 இருகண் நோக்கி போதும். காலில் உள்ள எழுத்தைப் படிக்க மட்டும் முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கி தேவைப்படும். கைப்பேசிக் கேமராவில் வருவது சேற்றுப் படமும் நடுவே சில புள்ளிகளும்தான்.

தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே மஞ்சள்மூக்கு நாரையைப் பார்த்து "அட, வேடந்தாங்கல்" என்று குதிக்க வேண்டாம். சிங்கப்பூரில் சுற்றும் இந்த நாரைகள் விலங்குத் தோட்டத்தில் திறந்துவிடப்பட்டவற்றின் வழிவந்தவை. பால்வெள்ளை நாரையோடு கலந்து பிறந்தவையும் நிறைய. படம் அழகாக வரும், நீங்கள் பார்த்த காட்டுப் பறவைகளின் பட்டியலில் சேர்ப்பது சங்கடம்.

நீர் இறங்கத் தொடங்கியதும் குளத்தை விட்டுவிட்டுப் பெரிய பாலத்துக்கு வாருங்கள். சுங்கை பூலோ பெசார் ஆற்றின் குறுக்கே போகும் இந்தப் பாலம்தான் உவர்நீர் முதலையைப் பார்க்க நம்பகமான இடம். நீர்மட்டத்தில் கிடக்கும் மரக்கட்டை என்று எல்லோரும் கடந்துபோவார்கள். இரண்டு நிமிடம் அதையே பாருங்கள். கட்டையானால் நீரோட்டத்தோடு நகரும். ஓட்டத்துக்கு எதிராக அசையாமல் நிற்கிற கட்டைக்குக் கண் இருக்கும். நீருடும்பையும் முதலையையும் குழப்பிக்கொள்வது சகஜம். உடும்பு நீந்தும்போது உடம்பு முழுக்கப் பாம்புபோல நெளியும், பிளவுபட்ட நாக்கு அடிக்கடி வெளியே வந்து போகும். முதலை நீந்துவது தெரியவே தெரியாது. கண்மேடும் மூக்குநுனியும் மட்டும் சத்தமில்லாமல் இடம் மாறியிருக்கும். பாலத்தின் மேலிருந்து பார்ப்பதில் ஆபத்தில்லை. கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்கார வைத்துப் படமெடுப்பதில் இருக்கிறது. பாதையிலேயே முதலை கிடந்தால் பக்கவாட்டில் தாண்டப் பார்க்காமல் வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். உடும்பு குறுக்கே வந்தால் நின்றுவிடுங்கள், அது தன் பாட்டுக்குப் போகும்.

அதே பாலத்துக்குக் கீழே, தூண்களின் நிழலில், உடம்பில் கறுப்புப் பட்டைகளோடு நீர்மேற்பரப்பை ஒட்டி நிற்கும் மீன்களைக் கவனிக்கத் தவறாதீர்கள். இலையில் இருக்கும் பூச்சியின்மீது வாயால் நீரைப் பீய்ச்சி வீழ்த்தும் மீன் இது. நீருக்குள்ளிருந்து பார்க்கும்போது ஒளி வளைந்து பூச்சி இருக்கும் இடம் மாறித் தெரியும். அந்தப் பிழையைத் திருத்திக்கொண்டு குறி வைக்கிறது.

கண்டல் காட்டுக்குள் போகும் பலகைப் பாதையில் வேகமாக நடந்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வளைவில் நின்று, நிழல் சேற்றில் விழாமல் ஒதுங்கி, அசையாமல் ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும். முதலில் வளையிலிருந்து நண்டின் கண்கள் வரும். அடுத்து உளுவை இனத்தைச் சேர்ந்த சேற்றுத்துள்ளி. இங்குள்ள பெரிய வகை 25 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். தலைமேல் தவளைபோல இரண்டு கண்; முன்துடுப்பை ஊன்றி, தவழும் குழந்தைபோல நகரும். செவுள் அறையில் நீரை அடக்கிவைத்துக்கொண்டும் ஈரமான தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது. தோல் காயக் கூடாது என்பதால் இடையிடையே ஒரு பக்கமாக உருண்டு குட்டையில் நனைத்துக்கொள்ளும். கண்ணையும் அவ்வப்போது உள்ளே இழுத்து நனைக்கும். அதைப் பார்த்துவிட்டால் வந்த செலவு சரி.

எரிமலை வடிவில் ஆங்காங்கே நிற்கும் சேற்றுக் குவியல்களைப் புற்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். அவை சேற்று இறால் இரவில் தோண்டி வெளியே தள்ளியவை. ஆழத்தில் கிடக்கும் சத்துமண் இப்படித்தான் மேலே வருகிறது. குவியலைச் சுற்றி மற்ற உயிர்களும் குடியிருக்கும். இறாலே கண்ணில் படுவது அரிது.

மரங்களில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரம் இங்கேயும் இருக்கிறது. உதிரும் முன் இலை சிவக்கும். கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். மலாய்க்காரர்கள் வைத்த பெயர் பூத்தா பூத்தா, அதாவது குருடு குருடு. இலை பறித்து விளையாடும் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்தத் தகவல் தேவைப்படும்.

நீர்நாய்க் குடும்பம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வந்து போனதா என்று சொல்லலாம். கரைப்பாதையில் மீன்செதிலும் முள்ளும் கலந்து, நாற்றமடிக்கும் எச்சம் ஈரமாக இருந்தால் அன்று காலையில் கடந்திருக்கிறது. அந்தக் கரையை ஒட்டியே மெதுவாக நடந்து பாருங்கள்.

போகும் வழி: கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 925 பேருந்து, கிராஞ்சி நீர்த்தேக்கக் கார்நிறுத்தத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் வருகையாளர் நிலையம். நேர அவசரமுள்ளவர்கள் பேருந்தை நம்ப வேண்டாம், இடைவெளி அதிகம். உள்ளே கரையோரப் பாதை 1.3 கிலோமீட்டர். வலசைப் பறவைப் பாதை சுமார் 2 கிலோமீட்டர். பெரிய பாலமும் பறவை பார்க்கும் மறைவிடங்களும் 18 மீட்டர் உயரக் கோபுரமும் அந்தப் பக்கம். முதல் முறை வருகிறவர்கள் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டு, பறவைப் பாதைக்கு வரும்போது களைத்துப் போகிறார்கள். வரிசையைத் தலைகீழாக்குங்கள்: நேராகப் பாலம், குளம், பிறகு திரும்பும்போது கரையோரம். தொண்டூழியர்கள் நடத்தும் இலவச நடை இருக்கும் நாளானால் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. பராமரிப்புக்காகச் சில பாதைகளை மூடுவதுண்டு; தேசியப் பூங்காக் கழகத்தின் தளத்தை முந்தின நாள் இரவு பார்த்துவிடுங்கள்.

குறைகள் உண்டு. குளக்கரைப் பாதையில் நிழல் போதாது. பதினோரு மணிக்கு மேல் புழுக்கம் ஆளை உருக்கும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். உள்ளே சாப்பாட்டுக் கடையை எதிர்பார்த்துப் போகக் கூடாது. கொசுவுக்கும் மணல் ஈக்கும் முழுக்கைச் சட்டைதான் மருந்து. மறைவிடங்களில் மரச்சுவரைத் தட்டினாலும் சத்தமாகப் பேசினாலும் மொத்தக் குளமும் எழுந்து பறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் இது சில முறை நடக்கும், தயாராக இருங்கள். இன்னொன்று, எதிர்க்கரை ஜொகூர் பாரு என்பதால் கைப்பேசி சொல்லாமல் கொள்ளாமல் மலேசிய அலைவரிசைக்குத் தாவிவிடும். நுழையும்போதே ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

குரங்குகள் பிளாஸ்டிக் பையின் சரசரப்பைச் சாப்பாட்டுக்கான மணியாகவே எடுத்துக்கொள்கின்றன. எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். பாவம் என்று ஒரு பிஸ்கட் நீட்டினால்கூட வனவிலங்குச் சட்டப்படி முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை போகும்.

ஏற்றத்தைத் தவறவிட்டுவிட்டீர்களா? டாக்சி பிடித்துக் கிராஞ்சி சதுப்புநிலத்துக்குப் போய்விடுங்கள். 2016-ல் திறந்தது, 57 ஹெக்டேர், நன்னீர்; கடல் ஏறினாலும் வற்றினாலும் அங்கே கவலையில்லை. நீலத் தாழைக்கோழி பெரும்பாலும் கோரைக்குள்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்திருந்தால் வெளியே வரும்.