முதல் ஆய்வுக் கப்பல்: ஹாலரா, டைமண்ட்பேக்கா, ஆஸ்ப்பா?

எலீட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கேமில் புதிதாகச் சேர்ந்து, "சண்டையும் வேண்டாம், சரக்கும் வேண்டாம், ஊர் சுற்றத்தான் வந்தேன்" என்பவரிடம் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: காசு சேர்த்து ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் வாங்கு. பழைய அறிவுரை. 2014 டிசம்பரில் கேம் வெளியானபோது அது சரியாக இருந்தது. டைமண்ட்பேக் எக்ஸ்ப்ளோரர் அப்போது இல்லவே இல்லை, 2015-இல்தான் வந்தது. இன்றும் அதையே சொல்வது, புதியவர் தலையில் தேவையில்லாத கடனைக் கட்டுவதற்குச் சமம்.

கப்பலுக்குப் போகும் முன் ஒன்று. வீட்டில் ப்ளேஸ்டேஷன் இருக்கிறதே, அதில் ஆடலாமே என்று நினைத்தால், வேண்டாம். கன்சோல் பதிப்புக்கான வேலைகளை ஃபிரன்டியர் நிறுவனம் 2022 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அதன் பிறகு வந்த எதுவும் அங்கே கிடையாது. கணினி கட்டாயம். விரிவாக்கங்களில் ஹொரைசன்ஸ் அடிப்படைக் கேமிலேயே அடங்கிவிட்டது, ஒடிஸியை மட்டும் தனியாக வாங்க வேண்டும். அதற்குப் போடும் வெள்ளி ஏன் வீணாகாது என்பது பின்னால் வருகிறது.

மூன்று கப்பல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி இருக்கும். தாவல் தூரம், இன்ஜினியரிங் (பாகங்களை மேம்படுத்தும் வேலை) எதுவும் செய்யாமல், ஏ ரக எஃப்எஸ்டி (நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் தாவவைக்கும் டிரைவ்) போட்டு, மற்றவற்றை எடை குறைத்து, டாங்க் நிரம்பிய நிலையில் சுமாராகக் கிடைப்பது.

| | ஹாலர் | டைமண்ட்பேக் எக்ஸ்ப்ளோரர் | ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் |
|---|---|---|---|
| அடிப்படைப் பாகங்களோடு கப்பல் விலை (கிரெடிட்) | 52,720 | 1,894,760 | 6,661,154 |
| எஃப்எஸ்டி அளவு | 2 | 5 | 5 |
| எரிபொருள் டாங்க் | 4 டன் | 32 டன் | 32 டன் |
| ஒரு முழு ஜம்புக்குச் செலவு | 0.9 டன் | 5 டன் | 5 டன் |
| தாவல் தூரம் (ஒளியாண்டு) | 25–30 | 38 | 34 |
| பெரிய ஸ்கூப் (நட்சத்திரத்திலிருந்து எரிபொருள் உறிஞ்சும் கருவி) அளவு | 3 | 4 | 6 |
| இறங்குதளம் | சிறியது | சிறியது | நடுத்தரம் |

ஹாலரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அது ஒரு பெட்டி. ஆனால் ஆரம்பத்தில் கிடைக்கும் சைட்விண்டரை விட்டு முதல் நாளிலேயே வெளியேற வேறு மலிவான வழி கிடையாது. 2ஏ (எண் அளவு, எழுத்து ரகம், ஏ உயர்ந்தது) எஃப்எஸ்டி சுமார் 160,000, 3சி ஸ்கூப் சுமார் 56,000, கிரகங்களுக்கு ப்ரோப் அனுப்பும் சர்ஃபேஸ் ஸ்கேனர் 250,000. ஸ்கேனரின் விலை கப்பலைப் போல ஐந்து மடங்கு என்பது வேடிக்கைதான். எல்லாம் சேர்த்து அரை மில்லியனைக் கொஞ்சம் தாண்டும். மேடு பள்ளமான தரையிலும் அடங்கி உட்காரும் அளவுக்குச் சிறியது; இது சின்ன விஷயம் இல்லை. குறை என்னவென்றால் உடல் மெலிசு, சற்று வேகமாகத் தரையைத் தொட்டாலே பாதி போய்விடும். இதை ஓட்டிக்கொண்டு விண்மீன் மண்டலத்தின் நடுவுக்கே போய் வந்தவர்கள் உண்டு, ஆனால் அது பொறுமைக்கு வைக்கும் பரீட்சை. இதில் முதல் வருமானத்தை மட்டும் பார்த்துவிட்டு மாறிவிடுங்கள்.

உண்மையான போட்டி அடுத்த இரண்டுக்கும் நடுவில்தான்.

தாவல் தூரத்தை வைத்துத்தான் பெரும்பாலானோர் வாதாடுகிறார்கள். 38-க்கும் 34-க்கும் உள்ள வித்தியாசம் ஆயிரம் ஒளியாண்டுக்கு மூன்று ஜம்ப். அவ்வளவே. கார்டியன் எஃப்எஸ்டி பூஸ்டர் பொருத்தினால் அதுவும் சுருங்கும்: டைமண்ட்பேக்கில் பூஸ்டருக்குக் கிடைக்கும் அறை 4-ஆம் அளவு, கூடுவது 9.25 ஒளியாண்டு, ஆஸ்ப்பில் 5-ஆம் அளவு போகும், கூடுவது 10.5. ஆகவே இதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஸ்கூப்பில் ஆஸ்ப்புக்கு நல்ல சாதகம் இருக்கிறது. 6ஏ ஸ்கூப் வினாடிக்கு 878 கிலோ உறிஞ்சும். டைமண்ட்பேக்கின் 4ஏ 342 கிலோதான். ஒரு ஜம்புக்குச் செலவான 5 டன்னைத் திரும்பப் பிடிக்க ஒன்றுக்கு 6 வினாடி, மற்றதற்கு 15. ஆனால் 6ஏ ஸ்கூப்பின் விலை 28 மில்லியனுக்கு மேல், அதாவது ஆஸ்ப்பைப் போல நான்கு மடங்கு. இங்கே எல்லாருமே தெரிந்துகொள்ள வேண்டிய சூட்சுமம்: பி ரக ஸ்கூப்பின் விலை ஏ ரகத்தில் கால் பங்கு, வேகத்தில் குறைவதோ ஏழில் ஒரு பங்குதான். ஸ்கூப் எந்த ரகமானாலும் எடையே கிடையாது. கையில் காசு மிஞ்சிக் கிடந்தால் தவிர ஏ ரகத்தைத் தொடாதீர்கள்.

இனி வெப்பம். விலைப்பட்டியலில் இது தெரியாது, ஓட்டும்போதுதான் தெரியும். ஒரு நட்சத்திரத்துக்கு வந்து இறங்கும் அந்த அரை நிமிடத்தைப் பாருங்கள். ஹைப்பர்ஸ்பேஸ் முடியும் முன்பே த்ராட்டிலைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வெளியே வந்த வேகத்தில் நட்சத்திரத்தை நோக்கியே போவீர்கள். வந்தவுடன், சுற்றிலும் உள்ளவற்றைக் கண்டறியும் டிஸ்கவரி ஸ்கேனர் பட்டனை அழுத்திப் பிடித்து "ஹாங்க்" அடியுங்கள். அது ஓடும்போதே மூக்கைத் திருப்பி, நட்சத்திரத்தின் விளிம்பை ஒட்டிப் பறந்தால் ஸ்கூப் தானாக வேலை செய்யும். டைமண்ட்பேக்கில் இந்த நிலையிலேயே, உறிஞ்சிக்கொண்டே, அடுத்த ஜம்புக்கு சார்ஜ் ஏற்றலாம். ஆஸ்ப்பில் அதைச் செய்தால் சூடு நூறு விழுக்காட்டைத் தாண்டும், மாட்யூல்கள் வேகத் தொடங்கும். ஸ்கூப் முடித்து, விலகி வந்து, சூடு இறங்கிய பிறகுதான் சார்ஜ் ஏற்ற முடியும். ஸ்கூப்பில் மிச்சம் பிடித்த ஒன்பது வினாடி இங்கே கரைந்துவிடுகிறது.

தவறு நடக்கும்போது இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். நட்சத்திரத்தை அளவுக்கு மீறி நெருங்கினால் கேம் உங்களைச் சூப்பர்குரூஸ் என்ற அதிவேகப் பறப்பிலிருந்து வெளியே தள்ளிவிடும். பதறி உடனே ஜம்ப் பட்டனைத் தட்டுவதுதான் புதியவர்கள் செய்வது, எரிவதும் அதனால்தான். முதலில் த்ராட்டில் பூஜ்யம். நட்சத்திரத்துக்கு நேர் எதிர்த் திசையில் திரும்புங்கள். டிரைவ் மறுபடி தயாரானதும் சார்ஜ் ஏற்றுங்கள். சூடு தொண்ணூறைத் தொட்டால், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் ஒன்றை விடுங்கள். டைமண்ட்பேக்கில் இது சிராய்ப்போடு போகும்.

டாங்க் விஷயத்தில் இரண்டும் சமம்: நிரம்பிய டாங்கில் ஆறு முழு ஜம்ப். சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியின் முக்கால் டாங்க் விதியை இங்கேயும் கடைப்பிடித்தால், இரண்டிலும் ஒரு ஜம்ப் விட்டு ஒரு ஜம்ப் ஸ்கூப் செய்ய வேண்டும். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் வகை நட்சத்திரங்கள்தான் எரிபொருள் தரும். பழுப்புக் குள்ளன், டீ டாரி, வெள்ளைக் குள்ளன், நியூட்ரான் எதுவும் தராது. கேலக்ஸி மேப்பில் நட்சத்திர வகை வடிகட்டியில் இந்த ஏழு வகைகளை மட்டும் வைத்து, "பாதைக்கும் பொருத்து" என்பதையும் தேர்ந்துவிட்டால் எரிபொருள் ஒரு பிரச்சினையே இல்லை. பாதைக் கோடு எதுவரை முழுக் கோடாக இருக்கிறதோ அதுவரைதான் கையிலுள்ள எரிபொருள் தாங்கும். அதற்கு மேல் புள்ளிக் கோடு.

அப்படியும் மாட்டிக்கொண்டு ஆக்ஸிஜன் கடிகாரம் ஓடத் தொடங்கினால், உடனே முதன்மை மெனுவுக்கு வெளியேறிவிடுங்கள், கடிகாரம் நின்றுவிடும். பிறகு நிதானமாக ஃபியூல் ராட்ஸ் குழுவைக் கூப்பிடுங்கள். 2015 முதல் இலவசமாக எரிபொருள் கொண்டுவந்து ஊற்றும் வீரர்கள் அவர்கள்.

ஆஸ்ப்பின் காக்பிட் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணாடிக் கூண்டிலிருந்து தெரியும் காட்சி போல் இந்த விலைக்கு வேறெதிலும் இல்லை. டைமண்ட்பேக்கில் கம்பிகளுக்கு நடுவில் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். படம் பிடிப்பதற்காகவே போகிறவர் ஆஸ்ப்பை வாங்கினால் குறை சொல்ல மாட்டோம்.

பாகங்களைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே விதி. எஃப்எஸ்டி ஏ ரகம்; 5ஏ-யின் விலை 5,103,953, டைமண்ட்பேக்கைப் போல இரண்டரை மடங்கு, ஆனாலும் இதில் கை வைக்கக் கூடாது. த்ரஸ்டர், லைஃப் சப்போர்ட், சென்சார், பவர் டிஸ்ட்ரிப்யூட்டர் எல்லாம் டி ரகம், ஏனென்றால் ஒவ்வோர் அளவிலும் எடை குறைந்தது அதுதான். டி ரக லைஃப் சப்போர்ட் ஏழரை நிமிட மூச்சுதான் தரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பவர் பிளான்ட்டில் விதி மாறும்: பெரிய டி ரகத்தை விடச் சின்ன ஏ ரகம் மேல், சூட்டைக் குறைப்பது ரகம்தான். எடைக்குப் பயந்து ஷீல்டைக் கழற்றுவது பரவலான தப்பு. 3-ஆம் அளவு டி ரக ஷீல்டின் எடை 2 டன், அதனால் குறையும் தூரம் கால் ஒளியாண்டுதான். ஷீல்ட் இல்லாமல் ஈர்ப்பு கூடிய கிரகத்தில் இறங்கி ஹல் பாதி போனால், பழுது பார்க்க ஆயிரக்கணக்கான ஒளியாண்டு திரும்பி வர வேண்டும். இறங்கும் முன் சிஸ்டம் மேப்பில் ஈர்ப்பு அளவைப் பாருங்கள். 1ஜி-க்கு மேல் என்றால் கடைசிச் சில கிலோமீட்டரை மெதுவாகவே இறங்குங்கள்.

இப்படிக் கட்டினால், பி ரக ஸ்கூப்போடு டைமண்ட்பேக் எட்டரை மில்லியனை ஒட்டி முடிந்துவிடும். அதே தரத்தில் ஆஸ்ப் 19 மில்லியனைத் தாண்டும். கப்பல் வெடித்தால் அதைத் திரும்பப் பெறக் கட்ட வேண்டிய ஐந்து விழுக்காடும் அதே விகிதத்தில்.

அந்தப் பணம் எங்கிருந்து வரும்? இங்கேதான் ஒடிஸி வருகிறது. நட்சத்திர வரைபடத் தகவலை விற்பது ஒரு வழி: ஹாங்க், பிறகு எஃப்எஸ்எஸ் (மண்டலம் முழுவதையும் அலசும் ஸ்கேனர்) திரையில் கிரகங்களைப் பிரித்தறிதல், பிறகு நல்ல கிரகங்களுக்கு மட்டும் ப்ரோப். நீர்க் கிரகம், பூமி போன்ற கிரகம், டெராஃபார்ம் செய்யத்தக்கது, இவற்றுக்கு மட்டும் ப்ரோப் செலவழியுங்கள். பனிக்கட்டி உருண்டைகளுக்குப் போனால் நேரம்தான் போகும். ஆனால் ஒடிஸியில் வரும் உயிரியல் மாதிரி சேகரிப்போடு ஒப்பிட்டால் இது சில்லறை. மாதிரி எடுக்கத் தேவையான ஆர்டெமிஸ் உடையின் விலை 150,000. ஸ்ட்ராட்டம் டெக்டோனிகாஸ் என்ற ஒரே இனத்துக்கு, மாதிரி வாங்கும் வைஸ்டா ஜீனோமிக்ஸ் நிறுவனம் தரும் விலை 19,010,800. அந்தக் கிரகத்தில் முதலில் கால் வைத்தவர் நீங்கள் என்றால் ஐந்து மடங்கு, அதாவது 95 மில்லியன். மெல்லிய வளிமண்டலமும் 165 கெல்வினுக்கு மேல் வெப்பமும் உள்ள, உலோகம் மிகுந்த கிரகங்களில் தேடுங்கள். ப்ரோப் அடித்ததும் அது வளரக்கூடிய நிலப்பகுதி நிறத்தில் தெரியும். மூன்று மாதிரி எடுக்க வேண்டும், ஒன்றுக்கொன்று குறைந்தது 500 மீட்டர் தள்ளி. அதற்குள் எடுத்தால் கருவி ஏற்காது.

இந்த வேலையில் ஒரு கிரகத்தில் பல தடவை இறங்கி ஏற வேண்டும். குன்றுக்கு நடுவில் ஆஸ்ப்புக்கு இடம் தேடிச் சுற்றுவதற்குள், சின்ன கப்பல்காரர் மாதிரியை எடுத்துக் கிளம்பியிருப்பார். டைமண்ட்பேக்கைத் தேர்வதற்கு எங்களுக்கு இது ஒன்றே போதும். விற்காத தகவலும் மாதிரியும் கப்பல் வெடித்தால் அத்தனையும் போய்விடும், காப்பீடு இதற்குக் கிடையாது. வழியில் ஃப்ளீட் கேரியர் (வீரர்களுக்குச் சொந்தமான நடமாடும் நிலையம்) தென்பட்டால், வரைபடத் தகவலைக் கால் பங்கு கழிவானாலும் விற்றுவிடுவது நல்லது.

மாண்டலே? 2024-இல் வந்த ஸோர்கன் பீட்டர்சன் கப்பல். எஸ்சிஓ (சூப்பர்குரூஸில் வேகத்தைத் திடீரெனக் கூட்டும் வசதி) டிரைவுக்கென்றே செய்தது. பழைய கப்பல்களில் எஸ்சிஓவை அழுத்தினால் கப்பல் உதறும், சூடு ஏறும், எரிபொருள் ஓடும், இதில் அந்தத் தொல்லை குறைவு. தாவல் தூரத்திலும் மேலே சொன்ன மூன்றையும் மிஞ்சும். ஒரு ஸ்ட்ராட்டம் கிடைத்தபின் ஆஸ்ப்பைத் தாண்டி நேரே இதற்குப் போய்விடலாம். அனகோண்டா 147 மில்லியன், திரும்பவே யோசிக்கும், பெரிய தளம்தான் வேண்டும். ஆரம்பத்தில் பக்கமே போகாதீர்கள்.

எஃப்எஸ்டியின் தூரத்தைக் கூட்ட, கேமிலுள்ள பொறியாளர் ஃபெலிசிட்டி ஃபார்சியரிடம் போக வேண்டிவரும். அவர் கேட்பது ஆய்வில் ஸ்கவுட் தரம், கூடவே ஒரு டன் மெட்டா அலாய் என்ற சரக்கு. அவர் இருக்கும் டெசியாட் மண்டலத்தில் புதியவர்களைச் சுட்டு விளையாடவே ஒரு கூட்டம் காத்திருக்கும், அதனால் அங்கே சோலோ முறையில் நுழையுங்கள். உலகம் அதேதான், மற்ற வீரர்கள்தான் இருக்க மாட்டார்கள். கேம் சர்வரின் வாரப் பராமரிப்பு வியாழன் உலக நேரம் 07:00, சிங்கப்பூரில் நமக்குப் பிற்பகல் 3 மணி. வியாழனன்று விடுப்பு எடுத்து ஆடுகிறவர்கள் மாதிரிகளை அதற்கு முன்பே விற்றுவிட்டு, கப்பலை நிலையத்தில் நிறுத்திவிடுங்கள்.