ஐட்ராவா, யூடிஎம்பி இண்டெக்ஸா: கொழும்பு ட்ரெயில் ஓட்டக்காரர் எந்த எண்ணைப் பேண வேண்டும்?

மலை, காட்டுப் பாதைகளில் ஓடும் ட்ரெயில் ஓட்டத்தில் நேரத்தை மட்டும் வைத்து ஆளை எடைபோட முடியாது. காலிமுகத்திடலில் 10 கி.மீ. ஓடும் நேரத்துக்கும், நக்கிள்ஸ் மலைத்தொடரில் அட்டைக்கடியோடு ஏறி இறங்கும் 10 கி.மீ. நேரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதனால்தான் புள்ளி முறைகள் வந்தன. 2013இல் தொடங்கிய ஐட்ரா, அதாவது சர்வதேச ட்ரெயில் ஓட்டச் சங்கம், தரும் திறன் குறியீடு ஒன்று. மோன் பிளாங் மலையைச் சுற்றி ஓடும் யூடிஎம்பி போட்டியின் அமைப்பாளர்கள் பின்னர் தமக்கெனக் கொண்டுவந்த யூடிஎம்பி இண்டெக்ஸ் மற்றொன்று. அமெரிக்காவில் அல்ட்ராசைன்அப் தரவரிசையும் உண்டு.

அல்ட்ராசைன்அப்பை இரண்டு வரியில் முடித்துவிடலாம். வென்றவரின் நேரத்தை உங்கள் நேரத்தால் வகுத்துச் சதவீதம் ஆக்குவார்கள். வென்றவர் 5 மணி, நீங்கள் 7 மணி 30 நிமிடம் என்றால் 66.7. அதே நாளில் ஒரு சூரர் வந்து 4 மணியில் முடித்திருந்தால், உங்கள் ஓட்டத்தில் ஒரு நொடிகூட மாறாமலே அது 53.3 ஆகிவிடும். யார் வந்தார் என்பதை அளக்கிறதே தவிர, நீங்கள் எப்படி ஓடினீர்கள் என்பதை அல்ல.

மற்ற இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். இரண்டிலும் உச்சம் 1000. இரண்டும் ஒரே போட்டியில் ஓடிய மற்றவர்களின் பழைய புள்ளிகளோடு ஒப்பிட்டே அன்றைய பாதையின் கடுமையைக் கணிக்கின்றன. இரண்டிலும் இடையில் விலகிய போட்டி கணக்கில் சேராது. பெண்களுக்குத் தனி அளவுகோல் கிடையாது என்பதால், பெண்கள் தம் எண்ணைப் பெண்களின் எண்களோடு வைத்துப் பார்ப்பதே பொருத்தம். ஒரே போட்டிக்குள் புள்ளி ஏறத்தாழ வேகத்தோடு நேர்விகிதத்தில் நகரும்: 8 மணியில் முடித்தவருக்கு 500 கிடைத்தால், 10 மணியில் முடித்தவருக்கு 400க்கு அருகில் வரும். உங்கள் புள்ளி இதிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தால், முடிவுப் பட்டியலில் உங்கள் நேரம் தவறாகப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கொழும்பில் இருப்பவருக்கு என் பரிந்துரை ஐட்ரா. காரணம் கணக்கின் நுட்பம் அல்ல, பராமரிப்பு.

ஐட்ராவின் பொதுக் குறியீடு, கடந்த 36 மாதங்களில் கிடைத்த சிறந்த 5 முடிவுகளின் எடையிட்ட சராசரி. புதிய முடிவுக்கு எடை அதிகம். மோன் பிளாங் போட்டியில் இடம் பெறுவோரைத் தேர்ந்தெடுக்கும் சீட்டிழுப்பில் சேர யூடிஎம்பி கேட்பதோ, உரிய பிரிவில் கடந்த 24 மாதங்களுக்குள் ஒரு முடிவு. ஐரோப்பாவில் வாரம் ஒரு மலைப்போட்டி கிடைப்பவருக்கு இந்த 12 மாத வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. கொழும்புக்காரரின் கதை வேறு. இங்கே பயிற்சி சமதரையில், சுதந்திர சதுக்கத்தைச் சுற்றியும் தியத்த உயனவிலும். மலைக்குப் போக ஒரு வார இறுதியையே செலவழிக்க வேண்டும். குறியீட்டுக்குக் கணக்காகும் போட்டி ஆண்டுக்கு ஒன்றிரண்டு கிடைத்தாலே பெரிது. ஆண்டுக்கு இரண்டு என்று வைத்தால் 36 மாதத்தில் ஆறு முடிவுகள்: ஐந்தை நிரப்பி ஒன்று மிஞ்சும், ஒரு மோசமான நாளையும் தாங்கும். 24 மாதத்தில் நான்குதான். அதில் ஒன்று மழையில் ரத்து, ஒன்று கணுக்கால் சுளுக்கு என்றால் கையில் இருப்பது இரண்டு; அவற்றில் ஒன்றாவது உரிய பிரிவில் இருந்தாக வேண்டும்.

எண் எப்படிச் சரிகிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். எடையை விட்டுவிட்டு வெறும் சராசரியாகப் பாருங்கள். 560, 540, 530, 500, 480 என்றால் 522. அந்த 560 காலாவதியாகி அதன் இடத்துக்கு 450 வந்தால் 500. உடல் அப்படியேதான் இருக்கிறது, நாட்காட்டிதான் 22 புள்ளியைத் தின்றுவிட்டது. ஆகவே உங்கள் மிக உயர்ந்த முடிவின் தேதியைக் குறித்து வையுங்கள். அது விழுவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே, உங்களுக்கு வசதியான வகைப் பாதையில் ஒரு போட்டியைப் போடுங்கள். மோசமாக ஓடினாலும் நட்டமில்லை, சிறந்த ஐந்துதானே எடுக்கப்படும்.

பராமரிப்பில் இன்னொரு பாதி பெயர். முறைகளின் குற்றமல்ல இது. தமிழ்ப் பெயரும் வெளிநாட்டுப் படிவமும் மோதிக்கொள்ளும் இடம். தகப்பன் பெயர் முன்னே வருவதால், ஒரு போட்டியில் அது முதல் பெயராகவும், இன்னொன்றில் குடும்பப் பெயராகவும், மூன்றாவதில் வெறும் முதலெழுத்தாகவும் பதிவாகும். 'சிவ' என்பதை ஓரிடத்தில் 'எஸ்' என்றும் இன்னோரிடத்தில் 'எஸ்எச்' என்றும் எழுதினால் போதும், ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். ஐந்து முடிவு மூன்றும் இரண்டுமாகப் பிரிந்துபோகும். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை எல்லாப் படிவத்திலும் ஒரே வரிசையில் எழுதுங்கள். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறாமல் பாருங்கள். போட்டி முடிந்த பிறகு ஐட்ரா தளத்தில் உங்கள் பெயரில் உள்ள பக்கத்தில் முடிவு வந்ததா என்று தேடுங்கள். இரட்டைப் பக்கம் இருந்தால் இணைக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். பக்கமே இல்லையென்றால், அமைப்பாளர் பட்டியலை அனுப்பவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். பதிவுக் கட்டணம் செலுத்தும் முன்பே அதைக் கேட்டு வைப்பது உத்தமம்.

பாதை அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐட்ரா பாதைகளை கிலோமீட்டர்-எஃபோர்ட்டால் வகைப்படுத்துகிறது: தூரத்தோடு, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒன்று கூட்ட வேண்டும். 50 கி.மீ., 2,400 மீட்டர் என்றால் 74, எஸ் வகை. 2,500 மீட்டர் என்றால் 75, எம் வகை. மரம் அடர்ந்த இடத்தில் கைக்கடிகாரம் ஏற்றத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். அதை நம்பி வகையை விளம்பரப்படுத்தும் அமைப்பாளர்களும் உண்டு. ஐட்ரா பட்டியலில் உள்ள அளவையே நம்புங்கள்.

இரண்டு முறைக்கும் இங்கே பொதுவான ஒரு பலவீனம், கூட்டம் சிறிது. முடித்தவர் 60 பேர், அவர்களில் ஏற்கெனவே குறியீடு உள்ளவர் ஆறு பேர் என்றால், அந்த ஆறு பேரின் நல்ல நாளும் கெட்ட நாளும் மீதி 54 பேரின் புள்ளியைத் தூக்கும், இறக்கும். உள்ளூர்ப் போட்டி ஒன்றில் 20 புள்ளி ஏறினால் உடனே விருந்து வைக்க வேண்டாம். 100 மைல் ஓட்டத்தில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. கொழும்பிலிருந்து அதை ஓடுபவர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே என்பதால், அந்தத் தூரத்துக்கு இங்கே சொன்னதை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

யூடிஎம்பி இண்டெக்ஸ் அவசியமாவது, யூடிஎம்பி போட்டி தொடங்கும் பிரான்ஸின் ஷமோனியில் ஓடும் கனவு இருப்பவருக்கு. அங்கே அது எண் மட்டுமல்ல, வாசல் சாவி. பிரிவுகள் 20கே, 50கே, 100கே, 100எம் (கே கிலோமீட்டர், எம் மைல்). பெயரைப் பார்த்துத் தூரம் என்று எண்ணிவிடாதீர்கள், ஏற்றமும் அதற்குள் அடங்கும். யூடிஎம்பி பிரதானப் போட்டிக்கு 100கே அல்லது 100எம் பிரிவில் குறியீடு வேண்டும்; அதைவிடக் குறுகிய துணைப் போட்டிகளில், சிசிசிக்கு 50கே போதும்; ஓசிசிக்கு 20கேயே போதும். அதோடு சீட்டிழுப்பில் வாய்ப்பாகக் கணக்காகும் ரன்னிங் ஸ்டோன் குறைந்தது ஒன்றும் வேண்டும். அது யூடிஎம்பி உலகத் தொடர் போட்டிகளில் மட்டுமே கிடைக்கும். இலங்கையிலிருந்து பார்த்தால் தாய்லாந்தின் சியாங் மாய் எட்டக்கூடியது. விமானச் சீட்டு, தங்குமிடம், பிறகு ஷெங்கன் விசா என்று செலவு அடுக்கடுக்காய் ஏறும். சீட்டிழுப்புக்கான பதிவு வழக்கமாக ஆண்டின் கடைசியில் திறப்பதால், ஸ்டோனுக்கான போட்டியை அதற்கு முன்பே முடித்து, உரிய பிரிவின் குறியீடு அந்த நாளில் உயிரோடிருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.