குளத்தோரக் குளவி பார்க்க ஒரு பைனாகுலர்: பென்டாக்ஸ் பாப்பிலியோ 2, 6.5×21

இரண்டு மாதமாக ஞாயிறு காலையில் பெங்களூர் லால்பாக் ஏரிக்கரையில் இதை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். குளவி, தட்டான், பட்டாம்பூச்சி பார்ப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

முன்பு என்னிடம் இருந்த பைனாகுலரில் பறவை நன்றாகத் தெரியும், ஆனால் மூன்று மீட்டருக்குள் எது வந்தாலும் மங்கல்தான். இது அரை மீட்டர் வரை ஃபோகஸ் ஆகிறது. ஈரக்கல்லில் வந்து இறங்கும் குளவி இறக்கையை நீளவாக்கில் மடித்து முதுகின் இரு பக்கமும் குச்சி போல வைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தித் தண்ணீரை உறிஞ்சும்போது வயிறு விரிந்து சுருங்குவது வரை தெரிகிறது. கூட்டைக் குளிர்விக்கவும், மரநாரை மென்று கூழாக்கிக் கூடு கட்டவும் அதற்குத் தண்ணீர் வேண்டும். பக்கத்திலேயே சேற்றை உருண்டையாக உருட்டித் தூக்கிப் போகிறதே, நூல் போல இடுப்புள்ளது, அது மண்கூடு கட்டும் வேறு குளவி. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

செம்பழுப்பு உடம்பு, வயிற்றில் ஒரு மஞ்சள் பட்டை என்றால் ரோபாலிடியா மார்ஜினேட்டாவாக இருக்கலாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல ஆண்டுகள் ஆராய்ந்த குளவி அது. இதன் ராணி யாரையும் அதட்டாத சாது.

அல்சூரில் எங்கள் ஜன்னல் சன்ஷேடுக்கு அடியிலும் ஒரு கூடு இருக்கிறது. தஞ்சாவூர்க்காரரான பக்கத்து வீட்டு அக்கா, "கதண்டுப்பா, கொளுத்திடு" என்றார். கதண்டு என்பது பெரிய குளவி வகை. "கதண்டுக் கூடு பானை மாதிரி மூடியிருக்கும் அக்கா, இது திறந்திருக்கு பாருங்க" என்று பைனாகுலரைக் கையில் கொடுத்தேன். தாமரைக்காய் போல வரிசையான அறைகள், சிலவற்றில் புழுவின் தலை, சிலவற்றுக்கு வெள்ளை மூடி. ரொம்ப நேரம் திருப்பித் தரவே இல்லை. கூடு இன்னும் அங்கேயே இருக்கிறது.

அரை மீட்டர் ஃபோகஸ் ஆகிறது என்பதற்காகக் கூட்டுக்கு அவ்வளவு கிட்டே போகாதீர்கள், இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே போதும். தண்ணீர் ஓரத்தில் முதலில் ஒரு கல்லுக்கு ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள், வந்த இடத்துக்கே திரும்ப வருகிறது.

21 மில்லிமீட்டர் லென்ஸ் என்பதால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் போதாது. நீர்புகாத வகையும் இல்லை, குளத்தோரத்தில் கழுத்தில் மாட்டியே வைத்திருங்கள். அப்புறம், 8.5 மடங்கிலும் ஒன்று வருகிறது, கிட்டத்தில் கை நடுக்கம் பெரிதாகத் தெரியும் என்பதால் 6.5தான் என் தேர்வு.